ஏழு பிள்ளைகளின் தந்தை – கேப்டன் ஜான் பார்க்கர்

வரலாற்றுப் பாடத்தில் ஒரு போர் வந்துவிட்டால், நாம் ஆண்டையும் இடத்தையும் அடிக்கோடிட்டு மனப்பாடம் செய்துவிடுகிறோம். “1775 – லெக்சிங்டன் – அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கிய இடம்.” ஒரு மதிப்பெண் கேள்விக்கு இது போதும். நானும் அப்படித்தான் உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். அருகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் அம்மா, “செத்தவங்களுக்குப் பெண்டாட்டி பிள்ளைங்க இருந்திருக்குமே, அதுங்க கதி என்ன ஆச்சு? அது உன் புத்தகத்திலே இருக்கா?” என்று கேட்டார்கள். புத்தகத்தில் அது இல்லை. விடை தேடிப் புறப்பட்ட எனக்குக் கிடைத்தவர்தான் கேப்டன் ஜான் பார்க்கர்.

உழவரே படைத்தலைவர்

ஜான் பார்க்கர் 1729ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள் லெக்சிங்டனில் பிறந்தார். அது பாஸ்டன் நகருக்கு அருகில் உள்ள சிற்றூர். அப்போது மாசச்சூசெட்ஸ், இங்கிலாந்து அரசருக்கு உட்பட்ட குடியேற்ற நாடு. பார்க்கர் நிலத்தை உழுதார். மரவேலையும் சக்கர வேலையும் செய்தார். 1755இல் லிடியா மூர் என்னும் பெண்ணை மணந்தார். இவர்களுக்கு ஏழு குழந்தைகள்.

‘கேப்டன்’ என்றதும் பளபளக்கும் சீருடையும் மாதச் சம்பளமும் நம் நினைவுக்கு வரும். பார்க்கருக்கு அவை இல்லை. அக்காலத்தில் ஊர்தோறும் ‘மிலிஷியா’ எனப்படும் ஊர்ப்படை இருந்தது. 16 வயது முதல் 60 வயது வரை உள்ள ஆடவர் அதில் சேர வேண்டும் என்பது சட்டம். அவரவர் வீட்டுத் துப்பாக்கியே அவரவர் ஆயுதம். லெக்சிங்டன் படையினர் தங்கள் தலைவரைத் தாங்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தனர். முன்னர்ப் பிரெஞ்சுக்காரருடன் நடந்த போரில் பட்டறிவு பெற்றிருந்த பார்க்கரை அவர்கள் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. அப்படையில் அவருடைய உறவினர் பலர் இருந்தனர். தந்தையும் மகனும் ஒரே வரிசையில் நின்ற குடும்பங்களும் உண்டு.

தேயிலையால் வந்த பகை

நம் சென்னையில் ஜார்ஜ் கோட்டையைக் கட்டிய அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலைதான் அங்கும் பகையை மூட்டியது. தங்களைக் கேளாமல் விதித்த வரியை எதிர்த்த பாஸ்டன் மக்கள், 1773 டிசம்பர் 16 இரவில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினர். சினங்கொண்ட இங்கிலாந்து அரசு மறு ஆண்டில் பாஸ்டன் துறைமுகத்தையே மூடியது. ஊர்ப்படைகள் ஆயுதங்களைச் சேர்க்கத் தொடங்கின.

1775 ஏப்ரல் 18 இரவு, சுமார் எழுநூறு ஆங்கிலப் படைவீரர் கான்கார்டு என்னும் ஊரில் இருந்த ஆயுதங்களைக் கைப்பற்றப் புறப்பட்டனர். வழியில் இருந்தது லெக்சிங்டன். பால் ரெவியர், வில்லியம் டாஸ் ஆகியோர் குதிரையேறி வந்து செய்தியைச் சொன்னார்கள்.

அந்த விடியற்காலை

அப்போது பார்க்கருக்கு வயது 45. சயரோகம் என்று முன்னோர் சொன்ன காசநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. இருந்தும் நள்ளிரவில் எழுந்து ஊர்ப் பொதுத்திடலுக்கு வந்தார். படை வரக் காணோம். குளிர் தாங்காமல், முரசு கேட்டதும் வந்துவிடும்படி சொல்லி வீரர்களைக் கலைத்தார். விடியும் வேளையில் முரசு முழங்கிற்று. திடலில் வந்து நின்றவர்கள் 77 பேர்.

எதிரில் நூற்றுக்கணக்கான பயிற்சி பெற்ற வீரர்கள்! பார்க்கர் என்ன செய்தார் தெரியுமா? கலைந்து செல்லுங்கள், சுடாதீர்கள் என்று தம் ஆட்களுக்குக் கட்டளையிட்டார். ஏப்ரல் 25ஆம் நாள் அவர் உறுதிமொழியிட்டு அளித்த வாக்குமூலம் இதைச் சொல்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. “இவரா வீரர்?” என்று நினைத்தேன். மறுபடியும் எண்ணிப் பார்த்தேன். அந்த 77 பேரும் அவருக்கு வெறும் எண்ணிக்கை அல்லர். அவர்களுடைய வீடும் வாசலும் அவருக்குத் தெரியும். ஒருவர் விழுந்தால் எந்த வீட்டில் அழுகுரல் எழும் என்பதும் தெரியும். மானத்துக்காக வந்து நின்றார்; மற்றவர் உயிருக்காக விலகச் சொன்னார். இரண்டுக்கும் துணிவு வேண்டும் அன்றோ?

ஆயினும் ஒரு துப்பாக்கி வெடித்தது. முதலில் சுட்டவர் யார் என்பது இன்றுவரை தீராத வழக்கு. சில நிமிடங்களில் எட்டுப் பேர் மாண்டனர். பத்துப் பேர் காயமடைந்தனர். பார்க்கரின் உறவினரான ஜோனஸ் பார்க்கர் துப்பாக்கி முனையின் ஈட்டியால் குத்துண்டு இறந்தார். காயமடைந்தவர்களுள் பிரின்ஸ் எஸ்டாபுரூக் என்ற கறுப்பினத்தவரும் ஒருவர். அவர் ஓர் அடிமை. பிறருடைய உரிமைக்காகக் குண்டடிபட்ட அவருக்கு அன்று தம்மீதே உரிமை இல்லை!

அன்று பிற்பகலில் பார்க்கர் எஞ்சியவர்களைத் திரட்டிச் சென்று, கான்கார்டிலிருந்து திரும்பிய ஆங்கிலப் படையை ஊர் எல்லையில் தாக்கினார். அந்நாள் முடிவதற்குள் ஆங்கிலேயர் தரப்பில் 73 பேரும், குடியேற்ற மக்கள் தரப்பில் 49 பேரும் இறந்திருந்தனர்.

அம்மாவின் கேள்விக்கு விடை

ஐந்து மாதம் கழித்து, 1775 செப்டம்பர் 17இல், பார்க்கர் காசநோயால் காலமானார். 1776 ஜூலை 4ஆம் நாள் வெளிவந்த விடுதலை அறிக்கையை அவர் காணவில்லை. நோய்க் கிருமியை ராபர்ட் காக் கண்டறிந்தது 1882இல்தான். மருந்து வந்தது அதற்கும் பின்னர். இன்று மருந்தால் குணமாகும் நோய்க்கு அன்று மருந்தே இல்லை.

லிடியா ஏழு பிள்ளைகளுடன் நின்றார். மகன் ஜானுக்கு அப்போது 14 வயது. ஏறத்தாழ நம் வயதுதான். போர் நடந்துகொண்டே இருந்தது. லிடியா பின்னர் மறுமணம் செய்துகொண்டார். வளர்ந்த மகன் ஜான், தந்தையின் நிலத்துக்கே திரும்பி உழவும் மரவேலையும் செய்து தாயைக் காத்தார். லிடியா தொண்ணூறு வயதைக் கடந்து, பேரப்பிள்ளைகளுடன் அந்த வீட்டிலேயே வாழ்ந்தார்.

மகன் ஜானுக்குப் பதினொரு குழந்தைகள். கடைக்குட்டி தியோடர் பார்க்கர் 1810இல் பிறந்து, பாஸ்டனில் புகழ்பெற்ற போதகரானார். 1850இல், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கடுமையான சட்டம் வந்தது. ஜார்ஜியாவிலிருந்து தப்பி வந்த எலன் கிராஃப்ட், வில்லியம் கிராஃப்ட் என்னும் தம்பதியரைப் பிடிக்க ஆட்கள் வந்தபோது, தியோடர் எலனுக்குத் தம் வீட்டில் அடைக்கலம் கொடுத்தார். இருவருக்கும் சட்டப்படி திருமணம் செய்து வைத்து இங்கிலாந்துக்கு வழியனுப்பினார். “விதை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா?” என்பார்கள் நம் பெரியோர்.

1860இல் தியோடரும் காசநோயாலேயே இறந்தார். பாட்டனாரின் துப்பாக்கியை அவர் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக்கே எழுதி வைத்தார். அது பாஸ்டனில் உள்ள மேலவை மண்டபத்தில் தொங்குகிறது.

முடிவுரை

லெக்சிங்டன் திடலில் 1900இல் ஒரு வீரர் சிலை நிறுவப்பட்டது. அது பார்க்கரையே குறிப்பதாக மக்கள் கருதுகின்றனர். ஆனால் அவருடைய உருவப்படம் ஒன்றுகூட இல்லை. சிலையில் உள்ளவர் உடல்கட்டுள்ள இளைஞர். உண்மையான பார்க்கரோ நோயுற்ற, ஏழு பிள்ளைகளின் தந்தை. எனக்கு இந்த உண்மைப் பார்க்கரையே அதிகம் பிடிக்கிறது.

இவற்றையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்கள். “அந்தப் பையனை வளர்த்தவளையும் சேர்த்து எழுது” என்றார்கள். அப்படியே எழுதிவிட்டேன்.

தோழியரே! அடுத்த முறை பாடத்தில் ஒரு போர் வந்தால், ஆண்டை அடிக்கோடிடுவோம். அத்துடன் அவ்வீரர் வீட்டில் யார் விளக்கேற்றிக் காத்திருந்தார் என்றும் கேட்போம்.

– பத்தாம் வகுப்பு மாணவி