சாளரமும் திரையும்

நுழையும்முன்

கருவிகள் காலந்தோறும் மாறுகின்றன. அவற்றைக் கையாளும் மனிதரின் ஆசையும் அவசரமும் எளிதில் மாறுவதில்லை. தொன்மையான மரபொன்றைப் பேணிவரும் யூத மக்கள், கைப்பேசியும் இணையமும் நிறைந்த இன்றைய வாழ்வில் தம் அறநெறிகளை எவ்வாறு கடைப்பிடிக்கின்றனர் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஓய்வறியும் நாள்

வெள்ளிக்கிழமை மாலை. ஜெருசலேமில் மரபுவழி யூதர் வாழும் இல்லங்களில் கதிரவன் மறையும்முன் மெழுகுவத்திகள் ஏற்றப்படுகின்றன. கைப்பேசிகள் ஒதுக்கி வைக்கப்படுகின்றன. மறுநாள் இரவு விண்மீன்கள் தோன்றும்வரை, ஏறத்தாழ 25 மணி நேரம், அவற்றை எவரும் தொடுவதில்லை. இதுவே 'சபாத்' என்னும் ஓய்வுநாள்.

ஓய்வுநாளில் தீ மூட்டலாகாது என்பது யூதரின் மறைநூலாகிய தோராவின் கட்டளை. கி.பி. 200ஆம் ஆண்டையொட்டித் தொகுக்கப்பெற்ற மிஷ்னா என்னும் சட்டநூல், அந்நாளில் விலக்க வேண்டிய வேலைகளை உழுதல், நெய்தல், எழுதுதல், கட்டுதல் என 39 வகைகளாக வகுத்துரைக்கிறது. மின்சாரம் வந்தபோது, அதனை இவற்றுள் எவ்வகையில் சேர்ப்பது என்று அறிஞர்கள் வாதிட்டனர். காரணங்களில் வேறுபட்டாலும், மின்கருவிகளை அந்நாளில் இயக்கலாகாது என்பதே மரபுவழி யூதரின் நடைமுறையாயிற்று. யூதருள் ஏனைய பிரிவினர் பலர் இவ்விதியைத் தளர்வாகவே கொள்கின்றனர்.

இவ்விலக்கு கருவியின்மீது கொண்ட வெறுப்பால் எழுந்ததன்று. முன்னரே நேரம் குறித்துவைத்த விளக்குகள் தாமே எரிந்து அணைகின்றன. மின்தூக்கிகள் பொத்தானை அழுத்தாமலேயே தளந்தோறும் நின்று செல்லுமாறு அமைக்கப்படுகின்றன. உயிருக்கு ஆபத்து நேருமாயின், தொலைபேசியில் உதவி கோருதல் கடமையாகவே ஆகிவிடுகிறது. உயிர்காத்தல் ஓய்வுநாளினும் உயர்ந்தது என்பது அம்மரபின் துணிபு.

பார்வைக்கும் எல்லை உண்டு

பலருக்கும் பொதுவான முற்றத்தில், அண்டைவீட்டாரின் வாயிலுக்கு நேரெதிரே வாயிலோ, சாளரத்துக்கு நேரெதிரே சாளரமோ திறத்தலாகாது என்கிறது மிஷ்னா. எப்பொருளையும் கவராமல், பிறர் தனிமையை நோக்குவதுகூட ஒரு தீங்கே என்பது இதன் உட்பொருள். 'பார்வையால் விளையும் கேடு' என்று யூதச் சட்டம் இதனைக் குறிக்கிறது.

சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் வாழ்ந்தவர் கெர்ஷோம் என்னும் பேராசான். அவர் பெயரால் வழங்கும் ஆணை, பிறருக்கு வந்த மடலை அவர் இசைவின்றிப் படிப்பதைத் தடைசெய்தது. அம்மடலின் இடத்தில் இன்று மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் உள்ளன. நண்பரே ஆயினும், அவருடைய கைப்பேசியை அவரறியாமல் திறந்து படிப்பது அவ்வாணையை மீறுவதாகவே கருதப்படுகிறது.

நாவும் விரலும்

பிறரை இழிவுபடுத்தும் சொல்லை எபிரேய மொழியில் 'லாஷோன் ஹாரா' என்பர். 'தீய நாக்கு' என்பது அதன் பொருள். சொல்லப்பட்ட செய்தி உண்மையே ஆயினும் குற்றம் நீங்குவதில்லை. அச்சொல் சொல்பவர், கேட்பவர், சொல்லப்படுபவர் ஆகிய மூவரையும் அழிக்கும் எனத் தல்மூது எச்சரிக்கிறது.

வகுப்பு மாணவர்களின் புலனக் குழுவில், ஒருவரது தேர்வுத் தோல்வி கேலியாகப் பகிரப்படுவதாகக் கொள்வோம். செய்தியில் பொய்யில்லை. ஆயினும், தோற்ற மாணவர் மறுநாள் வகுப்பறைக்குள் நுழையக் கூசுவார். பதிவை நீக்கிவிடலாம், பார்த்தவர் நினைவிலிருந்து அதனை நீக்க இயலாது. 'நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்' என்னும் சாக்கும் இந்நெறியின்முன் நில்லாது. விரல் அனுப்பியதும் நா உரைத்ததற்கு ஒப்பாகும்.

தெரிந்து தெளிவோம்

இசுரயேல் மேயிர் ககன் என்னும் யூத அறிஞர் (1838 – 1933), தீய சொல்லைப் பற்றிய விதிகளைத் தொகுத்து 1873இல் 'ஹாஃபெட்ஸ் ஹயிம்' என்னும் நூலை வெளியிட்டார். 'வாழ்வை விரும்புபவர்' என்பது அத்தொடரின் பொருள். பின்னாளில் நூலின் பெயரே அவருடைய பெயராகவும் நிலைத்தது.

திரையில் ஓர் ஏடு

தல்மூதின் ஓர் ஏட்டை உலகெங்கும் ஒரே நாளில் படித்துவரும் வழக்கம் 1923இல் தொடங்கியது. 2,711 ஏடுகளையும் முடிக்க ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள் ஆகும். தொடர்வண்டியில் பணிக்குச் செல்வோர் இன்று அன்றைய ஏட்டைக் கைப்பேசியிலேயே படிக்கின்றனர். செஃபாரியா என்னும் இணைய நூலகம் மூலநூல்களையும் மொழிபெயர்ப்புகளையும் கட்டணமின்றி வழங்குகிறது.

வாரம் முழுவதும் ஏடாக விளங்கும் அதே கைப்பேசி, வெள்ளி மாலையில் ஒதுக்கி வைக்கப்படுகிறது. எடுக்கவும் வைக்கவும் அறிந்தவருக்கே கருவி ஏவல் செய்யும். வைக்க அறியாதவர், தாமே அக்கருவியின் ஏவலராகிவிடுவர்.

கற்பவை கற்றபின்

1. சாளரம் பற்றிய மிஷ்னாவின் விதியைக் கைப்பேசியின் ஒளிப்படக்கருவியோடு பொருத்தி விளக்குக.

2. 'உண்மையான செய்தி அனைத்தும் பகிரத்தக்கதா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.