நிற்பது பிராசசர் மட்டும்தான்

கட்டைவிரலைவிடக் கொஞ்சம் நீளம். அலுமினியக் கூடு. ஒரு முனையில் யூஎஸ்பி, மறுமுனையில் பத்து பின். எஸ்டி-லிங்க் வி2 என்ற கருவியின் மலிவு நகல் இது. சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தது. எஸ்டிமைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 2007இல் கொண்டுவந்த எஸ்டிஎம்32 வகைச் சிப்புகளில் புரோகிராமை ஏற்றுவதும், ஓடுகிற புரோகிராமைப் பிடித்து நிறுத்தி உள்ளே எட்டிப்பார்ப்பதும் இதன் வேலை. இதை வைத்து நான் கெடுத்த போர்டுகளின் கணக்கை வீட்டில் சொல்வதில்லை.

சிப்போடு பேச இதற்கு இரண்டே வயர் போதும்: டேட்டாவுக்கு ஒன்று, கிளாக்குக்கு ஒன்று. கூடவே கிரவுண்ட். இவ்வளவுதான் என்பதால்தான் ஏமாறுகிறோம். ‘சிப் கிடைக்கவில்லை’ என்று கணினி சொன்னதும் சிப் போய்விட்டது என்று முடிவுகட்டி, சோல்டரிங் அயர்னைச் சூடாக்குபவர்கள் உண்டு. பெரும்பாலும் குற்றவாளி வயர்தான். நகல் கருவிகளில் பின் வரிசை ஆளுக்கொரு விதமாக வரும். என்னிடம் இருக்கும் இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்றில் கிரவுண்ட் இருக்கிற இடத்தில் இன்னொன்றில் கிளாக். கூட்டின் மேல் அச்சடித்திருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. கூட்டை உருவிவிட்டு, உள்ளே போர்டில் பொறித்திருப்பதைப் பார்த்து, மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டிவிட்டேன். அதற்குப் பிறகு அந்தத் தலைவலி இல்லை.

மின்சாரம் தனிக்கதை. அசல் கருவியில் மின்னழுத்தப் பின் போர்டின் வோல்ட்டை அளக்க மட்டுமே. அது எதையும் ஊட்டாது. அதை இணைக்காவிட்டால் போர்டே இல்லை என்று சாதிக்கும். நகலிலோ அதே இடத்திலிருந்து 3.3 வோல்ட் வெளியே வருகிறது. சொந்தமாகப் பவர் சப்ளை உள்ள போர்டில் அந்த வயரையும் மாட்டினால் இரண்டு சப்ளைகள் மல்லுக்கு நிற்கும். போர்டுக்குத் தனி மின்சாரம் இருந்தால் நகலிலிருந்து மூன்று வயர் மட்டும், அதில் கிரவுண்ட் முதலில். வயர் நீளமாகி இணைப்பு விட்டுவிட்டு வந்தால், ஓப்பன்ஓசிடி மென்பொருளில் வேகத்தை 4 மெகாஹெர்ட்ஸிலிருந்து சில நூறு கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கிப் பார்ப்பேன். பல சமயம் அதிலேயே தீர்ந்துவிடும்.

நாமே கதவைச் சாத்திக்கொள்வதும் உண்டு. ‘ப்ளூ பில்’ போர்டில் உள்ள எஸ்டிஎம்32எஃப்103 சிப்பில் அந்த இரண்டு வயரும் போவது பிஏ13, பிஏ14 என்ற பின்களுக்கு. ஓர் எல்இடிக்குப் பின் தட்டுப்பாடு வந்தபோது பிஏ13ஐ எடுத்துக்கொண்டேன். புரோகிராம் ஏறியது, எல்இடி மின்னியது. அடுத்த முறை ஏற்றப்போனால் சிப் பேசவே இல்லை. அது எழுந்த உடனேயே என் கோடு அந்தப் பின்னைப் பறித்துக்கொள்கிறது. ரீசெட்டில் பிடித்துவைத்துக்கொண்டே இணையும் வசதி மென்பொருளில் இருக்கிறது. ஆனால் பல நகல்களில் ரீசெட் பின் எஸ்டிஎம்8 சிப்புகளுக்கு மட்டும்தான் வேலை செய்யும். அப்போது கைதான் ரீசெட் பின்: போர்டில் ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்து, ‘கனெக்ட்’ கொடுத்து, அதே நொடியில் விரலை எடுக்க வேண்டும். ஐந்தாறு முயற்சியில் கைப்பழக்கம் வரும். பொறுமை இல்லாதவர்கள் பூட்0 ஜம்பரை மாற்றிப் போட்டு ரீசெட் செய்யலாம். நம் கோடு ஓடாமல் சிப்பின் உள்ளிருக்கும் பூட்லோடர் மட்டும் எழும். பிறகு நிதானமாக அழித்து எழுதிக்கொள்ளலாம்.

இன்னொரு தடவை, எல்லாம் சரியாக இருந்தும் ஓப்பன்ஓசிடி ‘எதிர்பாராத அடையாள எண்’ என்று முறைத்தது. 1இல் தொடங்க வேண்டிய எண் 2இல் தொடங்கியது. சிப் எஸ்டிஎம்32 அல்ல, அதைப் போலவே செய்த வேறொரு கம்பெனியின் சரக்கு. செட்டிங்கில் எண்ணை மாற்றினால் வேலை நடக்கும்.

பெரிய பாடம் விசிறியில் வந்தது. பிஎல்டிசி சீலிங் ஃபேனுக்கான கண்ட்ரோலர் போர்டு, மேசையில் 24 வோல்ட் சப்ளையில் ஓடிக்கொண்டிருந்தது. (வீட்டு மின்சாரத்தை நேராகத் தொடும் போர்டாக இருந்தால் ஐசொலேட்டர் இல்லாமல் யூஎஸ்பியை மாட்டவே கூடாது, லேப்டாப் மட்டுமல்ல, கையும் போகும்.) ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை விசிறி லேசாகத் திக்கியது. சந்தேகப்பட்ட வரியில் பிரேக்பாயிண்ட் வைத்தேன். நின்றது. ஒரு வேரியபிளைப் படித்துக்கொண்டிருக்கும்போதே மூக்கில் ஏறிய வாசனைக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மாஸ்ஃபெட்.

நடந்தது இதுதான். பிரேக்பாயிண்ட் நிறுத்தியது பிராசசரை மட்டும். பிடபிள்யூஎம் கொடுக்கும் டைமர் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த ஃபேஸுக்கு மாற்றச் சொல்ல ஆள் இல்லை. மோட்டார் சுற்றாததால் எதிர் மின்னழுத்தமும் இல்லை. ஒரே சுருளில் கரண்ட் கொட்டியது. இதற்கென்றே அந்த எஸ்டிஎம்32 சிப்பில் டீபக் கண்ட்ரோல் ரிஜிஸ்டர் ஒன்று இருக்கிறது. அதில் அந்த டைமருக்குரிய பிட்டை 1 ஆக்கினால், பிராசசர் நிற்கும்போது டைமரும் நின்று, வெளியீடும் அணையும். வாட்ச்டாகுக்கும் அங்கே ஒரு பிட் உண்டு. அதை மறந்தால், நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாட்ச்டாக் சிப்பை ரீசெட் செய்துவிட்டு, இல்லாத பிழையைத் தேடவைக்கும். மோட்டார் வேலையில் முதல் பிரேக்பாயிண்டுக்கு முன்பே அந்த இரண்டு பிட்டுக்கான வரிகளையும் எழுதிவிடுகிறேன்.

புது மாஸ்ஃபெட் போட்ட பிறகு நிறுத்துகிற எண்ணத்தையே விட்டேன். சிப்பின் உள்ளிருக்கும் கார்டெக்ஸ்-எம்3 கோர் ஓடும்போதே அதன் ரேமைப் படிக்க இதே இரண்டு வயர் அனுமதிக்கும். பலருக்கு இது தெரிவதில்லை, எனக்கும் அன்றுவரை தெரியாது. வேக மாற்றத்தைக் கணக்கிடும் நேர வேரியபிளை நேரலையில் போட்டுவிட்டு விசிறியைச் சுழலவிட்டேன். எண் ஏறிக்கொண்டே போனது: 64,900, 65,200, 65,500. திரையில் 0 தெரிந்த அதே கணத்தில் விசிறி திக்கியது. மில்லிநொடியை 16 பிட் வேரியபிளில் எண்ணியிருந்தேன். அதில் 65,535க்கு மேல் இடமில்லை, 65.5 நொடிக்கு ஒருமுறை காலம் பின்னோக்கிப் பாய்ந்திருக்கிறது. திருத்தம் ஒரே வரி. எரிந்துபோன மாஸ்ஃபெட், பின் வரிசை எழுதிய டேப்புக்குப் பக்கத்தில் இன்னும் அதே டப்பாவில் கிடக்கிறது.