ஓட்டு ஓர் ஊரில், உழைப்பு ஓர் ஊரில்

பரமத்தி வேலூர்

அன்புள்ள அம்மிணிக்கு,

வெல்ல ஆலையில் வேலை பார்க்கும் பீகார்க்காரர்கள் ஓட்டுப்போட ரெண்டு நாள் ரயிலில் போகிறார்களே, ஏன் என்று கேட்டிருந்தாய்.

1950ஆம் வருடச் சட்டப்படி, வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் வாக்காளர் பெயர் இருக்க வேண்டும். அவர்கள் இங்கேயும் பதியலாம். ஆனால் ஆலைக் கொட்டகைக்கு ஏது முகவரிச் சான்று? அரவை முடிந்தால் ஆளும் கிளம்பிவிடுவார். அதனால் பெயர் ஊரிலேயே இருக்கிறது. 2025 ஆகஸ்டில் பீகாரின் வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் விடுபட்டன. சொன்ன காரணங்களில் ஒன்று, நிரந்தரமாக இடம்பெயர்ந்துவிட்டார்கள் என்பது. பிழைக்க வந்தவருக்குப் பயம் வராதா?

அதற்கு அடுத்த மாதம் 26ஆம் தேதி, பீகாரில் ஓர் அரசுத் திட்டத்தில் 75 லட்சம் பெண்களின் கணக்கில் தலா 10,000 ரூபாய் ஏறியது. நவம்பர் 6, 11இல் வாக்குப்பதிவு. அந்தப் பணம் ஊரில் உள்ள மகளிர் குழுவில் இருப்பவர்களுக்கு வருவது. மனைவி புருஷனோடு இங்கே வந்துவிட்டால் குழுவும் போச்சு, அடுத்த தவணையும் போச்சு. ஒரு கொட்டகையில் பார்த்தேன்: கொப்பரையை இறக்கி, பாகை அச்சில் ஊற்றிய கையோடு ஒருவர் செல்போனில் வீட்டுக்காரியிடம் பேசினார். பணம் ஏறிவிட்டதா என்றுதான் விசாரித்தாராம். ஆண் மட்டும் தனியாக வருவதற்கு இப்படிப்பட்ட திட்டங்களும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

அரிசி மட்டும் கூடவே வரும். 2020 அக்டோபரில் நம் மாநிலம் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் சேர்ந்தது. பீகார் அட்டைக்காரர் நம்மூர் ரேஷன் கடையில் கைரேகை வைத்துத் தன் பங்கை வாங்கலாம். மிச்சத்தைக் குடும்பம் அங்கே வாங்கிக்கொள்ளும். ஓட்டுக்கும் இப்படி ஒரு வழி தேடினார்கள். ஒரே இயந்திரத்தில் 72 தொகுதிகளின் ஓட்டைப் பதிவுசெய்யலாம் என்று 2022 டிசம்பரில் தேர்தல் ஆணையம் அறிவித்தது. பல கட்சிகள் எதிர்த்தன, அதோடு நின்றுபோனது. ஓட்டில்லாத கொட்டகைக்கு எந்த வேட்பாளர் வருவார்?

இலவச அரிசியும் நூறுநாள் வேலையும் நம்மாட்களைச் சோம்பேறியாக்கியதால்தான் வடக்கத்தியார் வந்தார்கள் என்று இங்கே பேசுவார்கள். நான் ஒப்ப மாட்டேன். அடிமாட்டுக் கூலியை வேண்டாம் என்று சொல்லும் தெம்பை அந்த அரிசி கொடுத்தது. நம் பையன்களும் ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஏறி வடக்கே போகிறார்கள். தேர்தல் அன்று அவர்களுக்கும் இதே கதிதான்.

உனக்கும் பதினெட்டு ஆகிவிட்டது. விடுதி முகவரியிலோ நம் வீட்டு முகவரியிலோ, ஏதாவது ஒன்றில் பதிய மாணவர்களுக்கு வழி உண்டு. படிவம் 6. எது என்று முடிவுசெய்து எழுது.

அன்புடன்,
பெரியப்பா