அஞ்சறைப் பெட்டியும் பெரிய டப்பாவும்

(பத்தாம் வகுப்பு மாணவி)



அம்மா தாளிக்கும்போது, கடுகுக்காக ஒவ்வொரு முறையும் பரணில் உள்ள பெரிய டப்பாவை இறக்குவதில்லை. கைக்கெட்டும் இடத்தில் அஞ்சறைப் பெட்டி இருக்கிறது. அது தவறி விழுந்து கொட்டினாலும், பெரிய டப்பாவிலிருந்து மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம். பெரிய டப்பாவே இல்லாவிட்டால் என்ன செய்வது? இதை நானும் என் தோழியர் மூவரும் கணிப்பொறியிடம் கற்றுக்கொண்டோம்.

இவ்வாண்டு நம் பள்ளி நூலகத்தின் இரவல் பதிவேட்டைப் பைத்தான் மொழியில் ஒரு நிரலாக எழுதினோம். விவரங்களையெல்லாம் கணிப்பொறியின் நினைவகத்திலேயே வைத்திருந்து, மாலையில் ஒரு முறை மட்டும் சேமித்து வந்தோம். ஒரு நாள் பிற்பகலில் மின்சாரம் நின்றது. காலை முதல் பதிந்தவை அனைத்தும் மறைந்துபோயின. நூலகச் சிஸ்டர் எங்களைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. வகுப்பு வகுப்பாகச் சென்று, யார் எந்த நூலை எடுத்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். அதுவே எங்களுக்குப் பெரிய தண்டனையாயிற்று.

விரைவில் எடுப்பதற்காக நினைவகத்தில் வைக்கும் நகலைக் ‘கேஷ்’ என்பர். அது அஞ்சறைப் பெட்டி. நிலையாகக் காப்பது தரவுத்தளம். அது பெரிய டப்பா. நாங்கள் டப்பா இல்லாமல் பெட்டியை மட்டும் வைத்திருந்தோம்.

பிறகு தரவுத்தளம் ஒன்றைத் தேடினோம். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் போன்றவற்றுக்குத் தனியே ஒரு சர்வர் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். பலர் பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் எழுதும் பணிக்கு அவை சிறந்தவை. எங்களுக்கோ ஒரே மேசை, ஒரே கணிப்பொறி. கூகுள் 2011இல் வெளியிட்ட லெவல்டிபி நிரலுக்குள்ளேயே அமர்ந்து இயங்கும், ஆனால் “இந்த வாரம் திரும்ப வேண்டிய நூல்கள் எவை?” என்று கேட்டால் அதற்கான வழியை நாமே எழுதவேண்டும்.

எனவே எஸ்கியூலைட்டைத் தேர்ந்தெடுத்தோம். ரிச்சர்ட் ஹிப் என்பவர் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருட் பணியில் இருந்தபோது, சர்வர் நின்றால் தம் நிரலும் நின்றுபோவதைக் கண்டார். சர்வரே தேவைப்படாத தரவுத்தளம் ஒன்றை 2000ஆம் ஆண்டில் உருவாக்கினார். எல்லா விவரமும் ஒரே கோப்பில் அடங்கும். 2006 முதல் அது பைத்தானுடன் சேர்ந்தே வருகிறது, விலையும் இல்லை. ஒரு பக்கத்தை மாற்றும் முன் அதன் பழைய வடிவை வேறொரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்கிறது. நடுவில் மின்சாரம் நின்றால், அடுத்த முறை திறக்கும்போது பழைய நிலையை மீட்டுவிடுகிறது. சிஸ்டரின் அனுமதியோடு நாங்களே பலமுறை மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தோம். சேமித்து முடித்த பதிவு ஒன்றும் கெடவில்லை.

அத்துடன் நின்றிருக்கலாம். இன்னும் விரைவு வேண்டும் என்ற ஆசையால், பைத்தானிலேயே உள்ள ‘எல்ஆர்யூ கேஷ்’ என்ற வசதியையும் சேர்த்தோம். அண்மையில் கேட்ட விடைகளை அது நினைவில் வைத்திருக்கும். இடம் நிரம்பினால், நெடுநேரம் யாரும் கேட்காததை நீக்கும். ஆனால் தரவுத்தளம் மாறியது அதற்குத் தானாகத் தெரியாது. திரும்பி வந்து அலமாரியில் இருந்த நூலை, “வெளியே உள்ளது” என்றே அது கூறிக்கொண்டிருந்தது. ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இருமுறை வெறுங்கையுடன் திரும்பிச் சென்றாள்.

அதன் பிறகே நேரத்தை அளந்து பார்த்தோம். கேஷ் இல்லாமலேயே விடை கண்ணிமைக்கும் நேரத்தில் வந்தது! உடனே அதை நீக்கினோம்.

தோழியரே, நீங்களும் நிரல் எழுதும்போது முதலில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இழக்கக் கூடாத விவரம் எது? எத்தனை பேர் ஒரே நேரத்தில் எழுதுவார்கள்? உண்மையிலேயே தாமதம் உண்டா? அளந்து பார்த்துத் தாமதம் இருந்தால் மட்டுமே கேஷை நாடுங்கள். மூல விவரம் மாறும்போதெல்லாம் அதையும் புதுப்பிக்க மறவாதீர்கள். நம் நிரலை நம்பி ஒரு சிறுமி நூல் கேட்டு வருகிறாள். அவளுக்கு விரைவான விடையைவிட உண்மையான விடையே தேவை.