படபடப்புக்கு அமுக்கரா சாப்பிடலாமா?

கேள்வி: படுத்தாலே நெஞ்சு படபடக்கிறது, கண்டபடி யோசனை ஓடுகிறது. அமுக்கரா சூரணம் சாப்பிடலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: சாப்பிடலாம், சித்த மருத்துவர் உங்களைப் பார்த்து அளவு சொன்ன பிறகு. இரவில் வெதுவெதுப்பான பாலில் கலந்து குடிப்பது வழக்கம். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். பாரம்பரியச் சூரணத்தில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான், நீரிழிவுக்காரர்கள் கவனிக்க. கர்ப்பிணிகள், தைராய்டு, கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் தாமாகத் தொடவே வேண்டாம்.

இன்றிரவே செய்யக்கூடியது மூச்சுப் பயிற்சி. நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, எட்டு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். மாலைக் காபியை (ஆமாம், அந்த அரை டம்ளரையும்!) விட்டுவிடுங்கள்.

நெஞ்சுவலியும் இருந்தால் முதலில் இதயப் பரிசோதனை. மனநல மாத்திரை சாப்பிடுபவரானால் நீங்களாக நிறுத்தாதீர்கள். அவசரத்துக்கு அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.