குளிர் வந்தால் மீன் எங்கே போகும்?

ஒக்டோபர் முடியப்போகிறது. கோடையில் சிம்கோ ஏரிக் கரையோரத்தில் அள்ளிக் கொடுத்த ஸ்மால்மவுத் பாஸ் இப்போது ஒன்றுகூடக் கடிப்பதில்லை. தண்ணீர் அடிவரை தெரிகிறது, மீனைத்தான் காணோம். என்ன செய்யலாம்?
- வாசகர், ஸ்காபரோ

ஆழத்துக்கு இறங்கிவிட்டது, வேறொன்றுமில்லை. தண்ணீர் 10 பாகைக்குக் கீழே குளிர்ந்தால், 25 முதல் 40 அடி ஆழத்தில், பாறைத்திட்டு சரியும் விளிம்புகளில் கூட்டமாகச் சேரும். ஆகவே முதலில் படகு வைத்திருக்கும் நண்பரைப் பிடியுங்கள். மீனை அப்புறம் பிடிக்கலாம். சோனாரில் தேடவே பாதிப் பொழுது போகும். ஒன்று கடித்துவிட்டால் இடம் மாறாதீர்கள். கூட்டாளிகள் பக்கத்திலேயே நிற்பார்கள்.

அங்கே அதற்குப் பிடித்த தீனி, அடித்தரையில் ஊரும் கோபி என்ற சின்ன மீன். அதைப்போலப் பழுப்பும் பச்சையும் கலந்த 3 அங்குல ரப்பர் இரை வாங்கி 'டிராப் ஷாட்' முறையில் கட்டுங்கள்: தங்கூசியின் நுனியில் ஈயக்குண்டு, அதற்கு ஓர் அடி மேலே தூண்டில் முள். குண்டு தரை தட்டியதும் தங்கூசி தளரும். பிறகு சும்மா இருங்கள். நம்மவர்களுக்கு அதுதான் கஷ்டம்! படகின் ஆட்டமே இரையை அசைத்துவிடும். கடியும் வெடுக்கென்று வராது; நுனியில் கொஞ்சம் பாரம் கூடும், அவ்வளவுதான். உடனே சுற்றுங்கள்.

வரிச்சிப்பிகள் வடிகட்டிய தண்ணீர் அது. தடித்த தங்கூசி மீனின் கண்ணில் படும். முள் கட்டும் பகுதிக்கு 6 முதல் 8 றாத்தல் ஃபுளூரோகார்பன் போதும்.

திரும்ப விடுவதாக இருந்தால், படமெடுத்து நேரத்தைக் கடத்தாதீர்கள். ஆழத்திலிருந்து மேலே வந்த மீனுக்குக் காற்றுப்பை உப்பிவிடும்.