சந்தனமும் சின்னம்மையும்

மங்கல நிகழ்ச்சிகளில் மட்டுமன்றி, அம்மை கண்ட வீட்டிலும் சந்தனத்திற்கு இடமுண்டு. சந்தனக் கட்டையைக் கல்லில் நீர்விட்டு இழைத்து, அக்குழம்பை நோயாளியின் உடலில் பூசுவது நம் முன்னோர் வழக்கம். அதன் பயனையும் எல்லையையும் அறிந்துகொள்வது நன்று.

பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்துவிட்டதென உலகச் சுகாதார நிறுவனம் 1980-ஆம் ஆண்டு அறிவித்தது. சின்னம்மையோ இன்னும் நம்மிடையே உள்ளது. இது வைரஸ் என்னும் நுண்கிருமியால் உண்டாகும் தொற்றுநோய். இருமல், தும்மல், கொப்புள நீர் ஆகியவற்றால் பரவும். கிருமி தொற்றிய 10 முதல் 21 நாள்களுக்குள் நோய் வெளிப்படும்.

சந்தனக் குழம்பு தோலைக் குளிரச் செய்து அரிப்பைத் தணிக்கிறது. சொறியாதிருந்தால் புண் சீழ்ப்பிடிக்காது; தழும்பும் குறையும். இதுவே அதன் பயன். சின்னம்மைக் கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஹெர்பிஸ் கிருமியின் பெருக்கத்தைச் சந்தன எண்ணெய் கட்டுப்படுத்தியதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் கூறுகின்றன. ஆயினும், கண்ணாடிக் கலத்தில் நிகழ்வது உடலிலும் நிகழும் என்று கொள்ளலாகாது. சின்னம்மைக் கிருமி உடலுக்குள் பெருகுகிறது; மேற்பூச்சு அதனை எட்டாது. ஆகவே, சந்தனம் ஆறுதல் தருமேயன்றி நோயைத் தீர்க்காது.

பூச விரும்புவோர் கல்லையும் கட்டையையும் நன்கு கழுவி, கொதித்து ஆறிய நீரில் இழைக்க வேண்டும். உடைந்த கொப்புளங்களிலும் கண், வாய் அருகிலும் பூசலாகாது. சாயமும் வாசனையும் கலந்த கடைத்தூளைத் தவிர்க்கவும். குழந்தையின் நகங்களை வெட்டிவிடவும். காய்ச்சலுக்குக் குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

கைக்குழந்தைகள், கருவுற்ற தாய்மார்கள், பெரியவர்கள் ஆகியோருக்கு இந்நோய் கடுமையாகலாம். ஏசைக்ளோவிர் என்னும் மருந்து, கொப்புளம் தோன்றிய 24 மணி நேரத்திற்குள் தொடங்கினால் மிகுந்த பயன் தரும். எனவே இவர்களை உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மூச்சுத் திணறல், ஓயாத வாந்தி, மயக்கம் கண்டால் யாராயினும் தாமதிக்கலாகாது.

லயத்து வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. கொப்புளம் தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே நோய் பரவத் தொடங்கும். எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை பிள்ளையைப் பள்ளிக்கோ ஆயாக் கொட்டகைக்கோ அனுப்பாதீர்கள். இந்நோய்க்குத் தடுப்பூசியும் உண்டு. அது பற்றி மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

மாரியம்மனை வேண்டி, வாசலில் வேப்பிலை செருகி, சந்தனம் பூசுவதில் குற்றமில்லை. அதனைக் காரணமாகக் கொண்டு மருத்துவத்தைத் தள்ளிப்போடுவதே தவறு. சந்தனம் அரிப்பைத் தணிக்கட்டும். உயிரைக் காக்கும் பொறுப்பை மருத்துவம் ஏற்கட்டும்.